குறைமாதக் குழந்தைக்குப் பால் கொடுக்க மருத்துவமனை எவ்வளவு துணை நிற்கிறது? ஓர் அம்மாவின் மதிப்புரை

கோவையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. அங்கே பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவோடு சேர்ந்து ஒரு பாலூட்டல் ஆலோசனைச் சேவை நடக்கிறது. இந்த மதிப்புரை அந்தச் சேவையைப் பற்றி மட்டும்தான். டாக்டர்கள், வென்டிலேட்டர், பில், பார்க்கிங் எல்லாவற்றையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பில்லைப் பற்றிப் புலம்பியவர்கள் நியாயமாகத்தான் புலம்பியிருக்கிறார்கள். ஆனால் குறைமாதத்தில் பெற்றவளுக்கு ‘என் பாலிலேயே இந்தக் குழந்தையைத் தேற்றிவிடலாம்’ என்ற தைரியத்தை அந்த இடம் கொடுக்கிறதா, இருக்கிற தைரியத்தையும் பிடுங்கிக்கொள்கிறதா என்பதை யாரும் தொடவில்லை. மருத்துவமனையின் பெயரை நான் போடவில்லை. சொல்லப்போகும் குறைகளில் பாதி மற்ற இடங்களிலும் இருக்கின்றன. ஒரு பெயரைப் போட்டால் பேச்சு அந்த ஒரு வாசலோடு நின்றுவிடும்.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். 30-வது வாரத்தில் ரத்த அழுத்தம் ஏறிப்போய்விட்டது. உள்ளூர் நர்சிங் ஹோமில், “குழந்தைக்கு ஐ.சி.யு. வேணும், இங்க வெச்சிருக்க முடியாதுங்க” என்று ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். குழந்தையின் நுரையீரலுக்காக எனக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், அப்புறம் சிசேரியன். பெண் குழந்தை, 1,240 கிராம். 37 வாரம் முடியாமல் பிறந்தால் குறைமாதம் என்கிறார்கள். 32 வாரத்துக்கு முன்பே வந்துவிட்டால் ‘மிகவும் குறைமாதம்’. எங்கள் பெண் அந்தக் கணக்கில் வருவாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த சில மணி நேரத்திலேயே பாலூட்டல் ஆலோசகர் என் கட்டிலுக்கு வந்துவிட்டார். குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை. போனில் கணவர் எடுத்த ஒரு மங்கலான படம் மட்டும் இருந்தது. ஆலோசகர் கையில் பம்ப் எதுவும் இல்லை, ஒரு சின்ன சிரிஞ்சு மட்டும் இருந்தது. “முதல்ல வர்ற சீம்பால் கெட்டியா, சொட்டுக் கணக்குல இருக்கும்மா. மெஷின்ல எடுத்தா மெஷின்லயே ஒட்டிக்கும். கையால எடுக்கலாம்” என்றார். காம்பை இழுக்காமல், கரு வட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால் விரல்களை வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்ப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தார். அவர் ஒருமுறை செய்தார், அடுத்த முறை என் கையை வைக்கச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா “இதென்ன, ஒரு சங்குக்குக்கூட ஆகாதே” என்று மெதுவாகச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆலோசகர் திரும்பி, “இப்போதைக்குப் பாப்பாவுக்குச் சங்கு வேண்டாம்மா, ஒவ்வொரு கன்னத்துக்கும் உள்பக்கமா ரெண்டு சொட்டுத் தடவினாப் போதும்” என்றார். அன்று மாலை அதைத்தான் செய்தார்கள். வாய்வழியாக இன்னும் எதுவும் குடிக்க முடியாத குழந்தைக்கும் இப்படிச் சீம்பாலை வாய்க்குள் தடவுகிறார்கள். நோய் எதிர்ப்புச் சத்தின் முதல் பங்கு அதிலேயே போய்ச் சேருகிறது.

சிரிஞ்சின் மேல் ஒட்டிய சீட்டில் ‘பேபி ஆஃப்’ என்று போட்டு என் பெயரும் நேரமும் எழுதியிருந்தது. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அதனால் அந்தப் பிரிவில் எல்லாக் குழந்தைகளும் ‘பேபி ஆஃப்’தான். உள்ளே ஐம்பது விதமான மருந்து, குழாய், ஒயர். எதுவும் என் கைவேலை இல்லை. அந்தச் சிரிஞ்சு மட்டும் என்னுடையது. இந்தச் சேவையில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய விஷயம் அந்தச் சீட்டுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அதற்கு மருத்துவமனை ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வாங்கினார்கள்.

இரண்டாவது வருகையில் ஆலோசகர் ஒரு படிவம் கொடுத்தார். ‘என் குழந்தைக்குப் போதுமான பால் கிடைக்கிறதா என்று எப்போதும் என்னால் சொல்ல முடியும்’ என்கிற மாதிரி வரிகள், எதிரே 1 முதல் 5 வரை. உறுதியே இல்லை என்றால் 1, முழு உறுதி என்றால் 5. அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. குழந்தை வார்மரில் (சூடு தரும் படுக்கையில்) கிடக்கிறது, இவர்கள் எனக்குப் பரீட்சை வைக்கிறார்கள். பிறகுதான் விவரம் கேட்டேன். கனடாவைச் சேர்ந்த சிண்டி-லீ டென்னிஸ் என்ற செவிலியர்-ஆராய்ச்சியாளர் உருவாக்கிய அளவுகோல் அது. 2003-இல் அதைச் சுருக்கி 14 கேள்விகள் ஆக்கினார்கள். குறைமாத, நோயுற்ற குழந்தைகளின் அம்மாக்களுக்காக 2013-இல் 18 கேள்விகள் கொண்ட ஒரு வடிவமும் வந்தது. நம்பிக்கை நான்கு வழிகளில் வளரும் என்ற எண்ணம் அதற்கு அடிப்படை: தானே செய்து பார்த்து ஜெயிப்பது, தன்னைப் போன்ற இன்னொருத்தி செய்வதைப் பார்ப்பது, நம்பகமானவர்கள் சொல்லும் வார்த்தை, உடம்பும் மனசும் இருக்கிற நிலை. நான் பட்டதை வைத்துச் சொன்னால், முதல் இரண்டுக்குத்தான் எடை அதிகம். “தைரியமா இரும்மா, மனச விட்றாத” என்று ஒரு நாளைக்கு எத்தனை பேர் சொன்னார்கள் என்று கணக்கே இல்லை. அதில் ஒரு மில்லிகூட ஊறவில்லை.

பால் எடுக்கும் அறைக்கு வருவோம். மூன்றாம் மாடியில் ஐ.சி.யு., இரண்டாம் மாடியில் இந்த அறை. இதை வடிவமைத்தவர் சிசேரியன் தையலோடு படி ஏறியதே இல்லை போலிருக்கிறது. லிஃப்ட் உண்டு, ஆனால் ஸ்ட்ரெச்சர்களுக்குத்தான் முதலிடம். உள்ளே இருக்கும் மின்சார பம்ப் உண்மையிலேயே நல்ல பம்ப், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மருத்துவமனைத் தரம். கால் மணி நேரம், இருபது நிமிடத்தில் வேலை முடியும். கடையில் விற்கும் சின்னக் கைப் பம்ப்புக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். அதை வைக்கிற மேசை, சுடுநீர் ஸ்டெரிலைசர், கை கழுவும் இடம் எல்லாம் சுத்தம். ஆனால் உட்காருவதற்குச் சாய்மானம் இல்லாத பெஞ்சு. வயிற்றில் தையல் இருப்பவள் முதுகுக்கு ஆதரவில்லாமல் இருபது நிமிடம் குனிந்து உட்கார்ந்தால், பால் இறங்குவதற்கு முன்னால் கண்ணீர் இறங்கிவிடும். பம்ப்பின் புனல் போன்ற மார்புக் கவசம் பல அளவுகளில் வரும். அங்கே வைத்திருந்தது ஒரே அளவு. எனக்கு அது பொருந்தாமல் காம்பு உரசிப் புண்ணானது. ஆலோசகர் பார்த்துவிட்டு உடனே வேறு அளவு வெளியே வாங்கச் சொன்னார். அதை மருத்துவமனையே வைத்திருந்தால் அந்தப் புண் வந்திருக்காது.

அந்த அறையின் உண்மையான சொத்து அங்கே வந்து உட்கார்ந்த மற்ற அம்மாக்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், 28 வாரத்தில் பெற்றவள். என்னைவிட ஒரு மாதம் முன்னால் இருந்தாள். “அக்கா, மொதல்ல எனக்கும் இப்படித்தான் அடி நனையும். நைட்டு ரெண்டு மணிக்கு எந்திரிச்சு எடுங்க, அதை மட்டும் விட்றாதீங்க” என்றாள். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை எடுக்க வேண்டும், அதில் ஒன்றாவது நள்ளிரவில் என்று ஆலோசகரும் சொல்லியிருந்தார். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக ஊறும். ஆலோசகர் சொன்னது மூளையில் ஏறியது, பொள்ளாச்சிக்காரி சொன்னது அலாரம் வைக்க வைத்தது. அவள் குழந்தை நேரடியாக மார்பில் குடிப்பதை ஒருநாள் ஐ.சி.யு. திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். முகமே தெரியாத அளவுக்குச் சின்ன முகம், தாடை மட்டும் அசைகிறது. அன்று அந்தப் படிவத்தைத் தந்திருந்தால் 3 போட்டிருப்பேன். இப்படி அம்மாக்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துவதை மருத்துவமனை ஒரு வேலையாகவே வைக்கலாம். இப்போது அது பெஞ்சின் நீளத்தைப் பொறுத்து நடக்கிறது.

அதே அறையின் மிகப் பெரிய தவறு, ஃப்ரிட்ஜ். கண்ணாடிக் கதவு. உள்ளே எல்லாருடைய பாட்டில்களும் வரிசையாக நிற்கும், மில்லி கோடு வெளியே தெரியும்படி. ஒருத்தி 90 கொண்டுவந்து வைத்த இடத்துக்குப் பக்கத்தில் நான் என் 6 மில்லியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். போதாததற்குச் சுவரில் ஒரு போஸ்டர்: ‘இரண்டாம் வாரத்துக்குள் நாளுக்கு 500 மில்லி’. அந்த இலக்கு சரிதான். முதல் இரண்டு வாரத்தில் சுரப்பை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் பின்னால் தட்டுப்பாடு வராது என்பதற்காகச் சொல்வது. ஆனால் என் குழந்தைக்கு அப்போது கொடுத்துக்கொண்டிருந்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மில்லி, வாய்வழியாக வயிற்றுக்குப் போட்ட குழாயில். முழுக்க முழுக்கப் பாலுக்கு மாறினாலும் கிலோவுக்கு 150 மில்லி என்று வைத்தால் அவளுக்கு நாளுக்கு 186 மில்லி வரும். கணக்குப் பார்க்கிறவள் என்பதால் நானே போட்டுப் பார்த்து மூச்சு விட்டேன். கணக்கு போடத் தெரியாத, அல்லது போடத் தோன்றாத அம்மாக்கள் அந்தப் போஸ்டர் எதிரே உட்கார்ந்து ‘நமக்குப் பாலே இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு துணி உறையும், போஸ்டரில் கூடுதலாக ஒரு வரியும் இருந்தால் போதும்.

எனக்கு வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனது, குழந்தைக்கு ஆகவில்லை. மருத்துவமனைக்குப் பின்தெருவில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். இரவில் எடுத்த பாலை ஐஸ் பேக் போட்ட டிபன் பையில் வைத்து விடியற்காலையில் கணவர் கொண்டுபோவார். வாசலில் செக்யூரிட்டி தினமும் ஆள் மாறுவார், தினமும் “சார், வெளிச்சாப்பாடு அலவ்டு இல்ல” என்பார். ஒரு அடையாள அட்டை கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை நேரம். ஆலோசகர் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, ஞாயிறு விடுமுறை. அவர் ஒருவர்தான். அவர் இல்லாத ஒரு இரவில் போன் வந்தது: “பால் ஸ்டாக் இல்லைம்மா, பவுடர் பால் கொடுக்கறோம், வந்து கையெழுத்துப் போடுங்க.” ஓடினோம். நான் அங்கேயே உட்கார்ந்து எடுத்துத் தருகிறேன் என்றேன். பால் எடுக்கும் அறை இரவு ஒன்பதுக்குப் பூட்டப்பட்டுவிடும் என்றார்கள். சாவி வைத்திருப்பவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு சீனியர் சிஸ்டர், அவரே திரையை இழுத்துவிட்டு, “இங்கயே எடும்மா, பாப்பா முகத்தைப் பார்த்துக்கிட்டே எடு” என்றார். கையால்தான் எடுத்தேன். அந்த வேளைக்குத் தேவையானதைவிட அதிகமாகவே வந்தது. குழந்தை பக்கத்தில் இருக்கும்போது பால் இறங்குவது சுலபம் என்பதை அன்று உடம்பு தெரிந்துகொண்டது. அப்படியானால் பம்ப்பை வேறு மாடியில் வைத்துப் பூட்டுவானேன்?

பால் பற்றாமல் போனால் அடுத்த வழி பவுடர் பால் மட்டும்தானா என்று மறுநாள் கேட்டேன். வேறு அம்மாக்கள் தானமாகத் தரும் பால் இருக்கிறது. 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமி சோதனை செய்து, உறையவைத்துக் கொடுப்பார்கள். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கியை 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார். நம் ஊரில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் 2014-இல் அரசு தாய்ப்பால் வங்கி வந்தது, அதன் பின் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. இவ்வளவு கட்டணம் வாங்கும் இடத்தில் அது இல்லை. வேறு வங்கியிலிருந்து வரவழைக்கும் ஏற்பாடும் இல்லை. குறைமாதக் குழந்தையின் குடலுக்கு வரும் பயங்கரமான அழற்சி, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவு என்று அந்த மருத்துவமனையின் கையேடே சொல்கிறது. சொல்லிவிட்டு, இரவில் நீட்டுவது பவுடர் டப்பா.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பவுடர் பால் கம்பெனிகளின் காலண்டர், போஸ்டர், இலவச சாம்பிள் எதுவும் அந்தப் பிரிவில் கண்ணில் படவில்லை. 1992-ஆம் ஆண்டின் சட்டம் அதையெல்லாம் தடை செய்கிறது என்றாலும் சட்டம் இருப்பதும் நடப்பதும் வேறு வேறு. இங்கே சட்டப்படியே நடக்கிறது.

பாலில் கலக்கும் ‘ஃபோர்ட்டிஃபையர்’ விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல அம்மாக்கள் உடைந்துபோவது இந்த இடத்தில்தான். ஒருநாள் ரவுண்ட்ஸில் டாக்டர், “வெயிட் கெய்ன் பத்தல, மதர்ஸ் மில்க்ல சத்து சேர்க்கணும்” என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த வார்மருக்குப் போய்விட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதில் விழுந்தது: உன் பாலில் சத்து இல்லை. அன்று எடுத்த பாலின் அளவு பாதியாகக் குறைந்தது. ஆலோசகர்தான் உட்கார வைத்து விளக்கினார். கடைசிப் பத்து வாரத்தில் வயிற்றுக்குள் இருந்தபடி குழந்தை சேர்த்துக்கொள்ள வேண்டிய கால்சியம், பாஸ்பரஸ், புரதம் எல்லாம் அவளுக்குக் கிடைக்காமலே போய்விட்டன. அந்தப் பாக்கியைச் சின்ன வயிற்றில் பால் மட்டுமே கொடுத்து ஈடுகட்ட முடியாது, அதனால் மேலே கொஞ்சம் கலக்கிறார்கள். குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் முதல் சில வாரம் புரதம், மற்ற அம்மாக்களின் பாலைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்றும் சொன்னார். ஐந்து நிமிடப் பேச்சு. டாக்டர் போகிற போக்கில் ஒரு வாக்கியத்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அந்த ஐந்து நிமிடமும் தேவைப்பட்டிருக்காது.

கங்காரு பராமரிப்பு. டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையை அம்மாவின் வெறும் மார்பின் மேல் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிக்கொள்வது. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் தட்டுப்பாட்டால் தொடங்கிய முறை. இப்போது இன்குபேட்டர் தாராளமாக இருக்கிற இடங்களிலும் செய்கிறார்கள். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையையும் சேர்த்து ஐந்து நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. உடல்நிலை தேறும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே தொடங்கினால் இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்றார்கள். அந்த ஆய்வில் அம்மாக்களுக்கு ஐ.சி.யு.வுக்குள்ளேயே கட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்லி 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. எங்கள் மருத்துவமனையில் மதியம் இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம். நாற்காலி அருமை, சாய்ந்து படுக்கலாம். அந்த நாற்காலியில் ஒன்று கீழே பால் எடுக்கும் அறைக்கு வந்திருக்கலாம்.

கங்காரு முடித்துவிட்டு உடனே பால் எடுத்தால் அளவு கண்கூடாகக் கூடியது. மாமியாருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. “கண்ணாடிப் பொட்டிக்குள்ள பத்திரமா இருக்கற புள்ளைய எதுக்குக் கண்ணு வெளிய எடுக்கறீங்க?” என்று கணவரிடம் தினமும் கேட்பார். அவரை ஆலோசகர் கையாண்ட விதத்துக்கு மட்டும் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுப்பேன். அத்தையை அறைக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு, “நீங்கதாங்க டைம் கீப்பர்” என்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். எத்தனை மணிக்கு எடுத்தேன் என்று எழுதுவது, பம்ப் பாகங்களைக் கழுவிக் கொதிக்க வைப்பது இரண்டும் அத்தையின் பொறுப்பு. ‘எங்க காலத்துல இப்படியா’ என்று பேசிக்கொண்டிருந்தவர், அப்புறம் “மூணு மணி ஆச்சு, எந்திரி சாமி” என்று எழுப்ப ஆரம்பித்தார். சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் ஈரோட்டிலிருந்து டிபன் கேரியரில் வந்தன. பால் கூடியது புட்டாலா பம்ப்பாலா என்று அத்தைக்கும் ஆலோசகருக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. எனக்கு ருசியாக இருந்தது, அதோடு விட்டுவிட்டேன்.

மார்பில் நேரடியாகக் குடிக்கும் கட்டம்தான் சேவையின் உச்சம். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒழுங்காக இணைவதற்குக் குழந்தைக்கு 34 வாரம்போல ஆக வேண்டும். அதற்கு முன்பே பழக்கத் தொடங்கலாம். முதலில் பாலை எடுத்துவிட்டுக் காலியான மார்பில் சும்மா சப்பவிட்டார்கள், குழாயில் பால் போய்க்கொண்டிருக்கும்போதே. பிறகு பாலாடையில். எங்கள் அம்மாயி வீட்டில் இருந்த வெள்ளிப் பாலாடைக்கும் அங்கே தந்த ஸ்டீல் பாலாடைக்கும் வடிவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு மருத்துவமனை மேல் இருந்த பாதிக் கோபம் போய்விட்டது. பாட்டிலைக் கண்ணில்கூடக் காட்டவில்லை என்பதையும் பாராட்ட வேண்டும்.

குழந்தையைப் பிடிக்கும் முறையை ஆலோசகர் மாற்றினார். வலது மார்பில் கொடுக்க இடது கை. அந்தக் கையின் உள்ளங்கை குழந்தையின் தோளுக்கும் பிடரிக்கும் தாங்கல், கழுத்து மடங்காமல். குழந்தை குடிக்கும்போது ஆக்சிஜன் அளவு இறங்கி மானிட்டர் கத்தும். என் கண் திரையிலேயே இருக்கும். அவர் எழுந்துபோய் மானிட்டரைச் சிஸ்டர் பக்கமாகத் திருப்பி வைத்தார். “அதை அவங்க பார்ப்பாங்க. நீங்க உதட்டு நிறத்தையும் மூக்கையும் பாருங்க. நாலு சப்பு சப்பிட்டு நிறுத்தினா அது தூக்கம் இல்ல, மூச்சு வாங்கறா. காத்திருங்க.” விழுங்கும் சத்தத்தைக் கேட்கவும் சொல்லித் தந்தார், ‘க்கு’ என்று மூக்கடியில் ஒரு சின்ன ஒலி. வீட்டுக்கு வந்தபின் மானிட்டர் இல்லாமல் நான் பிழைத்தது இந்தப் பாடத்தால்தான்.

வார்டு சிஸ்டர்களில் சிலருக்கு இந்தப் பொறுமை இல்லை என்பதையும் எழுத வேண்டும். “இருபது நிமிஷம் ஆச்சு, எவ்வளவு குடிச்சா?” என்பார்கள். மார்பில் மில்லி கோடா போட்டிருக்கிறது? அதற்குப் பதிலாக, குடிக்கும் முன்னும் பின்னும் அதே உடையோடு, அதே டயப்பரோடு எடை போட்டுப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. ஒரு கிராம் கூடினால் ஏறக்குறைய ஒரு மில்லி. முதல்முறை 12 கிராம் காட்டியபோது நானும் கணவரும் தராசை வணங்காத குறை. ஆனால் ஒவ்வொரு வேளையும் தராசில் ஏற்றத் தொடங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. 4 காட்டினால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. ஆலோசகர் தலையிட்டு நாளுக்கு ஒரு வேளை என்று குறைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி ஒவ்வொரு வேளையும் தராசு.

வீட்டுக்குப் போகும் முன் அம்மாவும் குழந்தையும் ஒரே அறையில் தங்கி, எல்லா வேலையையும் அம்மாவே செய்யும் ஏற்பாடு இருக்கிறது. அழைப்பு மணி அடித்தால் சிஸ்டர் வருவார். அந்த நம்பிக்கைப் படிவத்தில் என் 2-களும் 3-களும் 4 ஆனது அந்த அறையில்தான். இதற்குத் தனிக் கட்டணம், மொத்தப் பிரிவுக்கும் ஒரே அறை. எனக்குக் கிடைத்தது. பொள்ளாச்சிக்காரிக்குக் கிடைக்கவில்லை. அவள் நேரே வீட்டுக்குப் போனாள், முதல் வாரம் எனக்குத்தான் போன் செய்துகொண்டிருந்தாள்.

என் சித்தி மகளும் குறைமாதத்தில்தான் பெற்றாள், அரசு மருத்துவமனையில். மின்சார பம்ப் இல்லை, ஆலோசகர் என்று தனிப் பதவி இல்லை, கூட்டம், சிஸ்டர்களின் அதட்டல். ஆனால் அம்மாக்கள் அதே கட்டடத்திலேயே தங்கினார்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே போய்க் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்கள். என்னைவிட முன்னதாகவே அவள் தைரியமாகிவிட்டாள். செலவும் இல்லை. என் பணம் எதற்குப் போனது என்று அவள் கேட்டால் சொல்ல நாற்காலி ஒன்று இருக்கிறது, பம்ப் ஒன்று இருக்கிறது, அந்த ஆலோசகர் இருக்கிறார்.

மதிப்பெண்: ஆலோசகருக்கு ஐந்துக்கு ஐந்து. பம்ப்புக்கு நான்கு. பால் எடுக்கும் அறைக்கு இரண்டு. இரவு நேரத்துக்கு ஒன்று, அதுவும் அந்தச் சீனியர் சிஸ்டருக்காக. அங்கே சேருகிறவர்கள் முதல் நாளே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: இரவில் பால் எடுக்க இடம் எங்கே, பால் பற்றாவிட்டால் தானப் பால் கிடைக்குமா, அம்மாவும் குழந்தையும் தங்கும் அறைக்கு இப்போதே பெயர் பதியலாமா. வீட்டுக்கு பம்ப் வாடகைக்குத் தருகிறார்கள். எடுப்பதானால் கவச அளவை அங்கேயே பொருத்திப் பார்த்து எடுங்கள்.

இதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்று கருத்துப் படிவத்தின் பின்பக்கத்திலும் எழுதிக் கொடுத்தேன். குழந்தையின் கண் பரிசோதனைக்காக மறுபடி போனபோது எட்டிப் பார்த்தேன். பெஞ்சை எடுத்துவிட்டுச் சாய்மான நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் கண்ணாடியில் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. அறையை இரவில் திறந்து வைப்பது ‘நிர்வாகத்தின் பரிசீலனையில்’ இருக்கிறதாம்.